ஹெட்டர் தேடிப் போன நாட்கள்

என் காரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பத்துப் பேரில் ஒன்பது பேர் "அப்படி ஒரு வண்டியா?" என்பீர்கள். மிச்சம் இருக்கிற ஒருவர் எப்படியோ என் நம்பரைக் கண்டுபிடித்து, "சார், பார்ட்ஸ் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். அந்த ஒருவர் படும் பாடு எனக்குத் தெரியும். போன வருஷம் சில மாதம் நானும் அப்படித்தான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டே கதவு உள்ள வண்டி. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். சீமையில் போட்ட வரைபடத்தை வைத்து மெட்ராஸில் கொஞ்ச காலம் செய்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நான் மேற்பார்வை பார்த்த அரிசி ஆலையில், உமி மூட்டைகளுக்குப் பின்னால் அது பல வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்தது. அந்த ஷெட்டை இடிக்கும்போது முதலாளி, "உனக்குத்தான் இது மேல பைத்தியமாச்சே, எடுத்துக்கிட்டுப் போய்யா" என்றார். லாரியில் கட்டித் தஞ்சாவூர் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினேன். என் மனைவி வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா குடுத்தா யானையைக்கூட வாங்கிட்டு வருவீங்க போல."

அவள் வாய் அப்படி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவளுக்குக் கோபமே வராது, வாய் மட்டும் வரும். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது.

பிறகு ஒரு மழைக்காலக் காலையில், காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் டம்ளரோடு அடுப்படியில் சரிந்தாள். இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டார்தான் ஓடி வந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு, ஸ்ட்ரெச்சரிலிருந்து ஸ்கேன் மேஜைக்கு, அங்கேயிருந்து திரும்பவும் கட்டிலுக்கு என்று ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள். முதலில் திரும்பி வந்தது அவளுடைய நாக்குதான். டாக்டரே சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஆட்டோக்காரரும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவளை இறக்கிக் கட்டிலில் உட்கார வைத்தோம். அவர் போனதும் சொன்னாள்:

"அரிசி மூட்டை ஏத்தி இறக்குற மாதிரி ஏத்தி இறக்குறீங்க. நீங்க மில்லுல இருந்தவரு, உங்களுக்கு அது தப்பாத் தெரியாது."

அதோடு ஒரு முடிவும் சொல்லிவிட்டாள். இனிமேல் தன்னை யாரும் தூக்கக் கூடாது. தூக்கித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்றால் தான் எங்கேயும் வரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகவில்லை. அவள் தங்கச்சி பிள்ளை முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குப் போகவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் வீட்டுக்கே வந்து, வாக்கரை ஊன்றி நிற்கப் பழக்கிவிட்டுப் போனாள். போக வேண்டும் என்று அவள் நினைத்தது ஒரே ஒரு இடம்தான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலம் முடிவதற்குள் வந்து கும்பிடுகிறேன் என்று. அதிலும் ஒரு நிபந்தனை. "என் காலால இறங்கணும், என் காலால உள்ள போகணும்" என்றாள்.

ஆட்டோவில் முயன்றோம். படி உயரம். மகள் சென்னையிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெரிய கார் இன்னும் உயரம், அதில் ஏற எனக்கே மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு தடவையும் யாராவது கை கொடுக்கப் போவோம், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு "வேணாம், உள்ள கூட்டிட்டுப் போங்க" என்பாள். நான் வெளியே கத்துவேன், உள்ளே போய் அழுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் நான் என் வண்டியின் கதவைத் திறந்து போட்டுவிட்டு பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நாற்காலியில் இருந்தவள், "அந்த வாக்கரைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்றாள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, வாக்கரை ஊன்றி வண்டி வரை வந்தாள். சீட் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். "விடுங்க" என்றாள். விட்டேன். கட்டிலில் உட்காருகிற மாதிரி அப்படியே உட்கார்ந்தாள். அந்த வண்டியின் சீட் அவ்வளவு தாழ்வு. கதவும் அகலமாகத் திறக்கும். வலது காலை உள்ளே வைத்தாள். பிறகு இடது காலை வலது கையால் தூக்கி, ஒரு பச்சைப்பிள்ளையை எடுத்து வைப்பதுபோல் உள்ளே எடுத்து வைத்தாள்.

"ஒருத்தர் கை படலை, பாத்தீங்களா?"

நான் பேட்டரியைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் நின்றது. யானை என்று சொன்ன வண்டிதான், அன்றைக்கு அதன் டாஷ்போர்டைத் தடவிக் கொடுத்தாள்.

அடுத்த நாளே அவளை உட்கார வைத்து பெரிய கோயில் பக்கம் ஒரு சுற்று சுற்றினேன். பாதி வழியில் தலை சுற்றுகிறது என்றாள். பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தாள். திரும்பவும் பக்கவாதமோ என்று நினைத்துவிட்டேன். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "வண்டிக்குள்ள புகை வருதா?" என்று கேட்டார். வரத்தான் வந்தது. எனக்குப் பழகிப்போய்த் தெரியவில்லை. "இந்தப் புகையில அவங்களை உட்கார வைக்கவே கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

எங்கள் மெக்கானிக் பானெட்டைத் தூக்கி ஒரு நிமிஷம் பார்த்தார். இன்ஜினிலிருந்து சூடாக வெளியே வரும் புகையை முதலில் வாங்கி சைலன்சருக்கு அனுப்புகிற ஒரு வார்ப்பிரும்புத் துண்டு உண்டு, மேனிஃபோல்டு என்பார்கள். அது நீளமாக விரிசல் விட்டிருந்தது. அங்கே கசிகிற புகை, காலடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"வெல்டிங் வைக்கலாம்ணே. ஆனா சூடேறினா மறுபடியும் விடும்" என்றார்.

வைத்தோம். திருவையாறு காவிரிப் பாலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. இன்னொரு தடவை வைத்தோம். அது வீட்டு வாசலிலேயே விட்டது. "இதுக்கு மேல என்னால ஆகாதுண்ணே. வேற மேனிஃபோல்டு கிடைச்சாப் பாருங்க. இல்லேன்னா ஹெட்டர் தேடுங்க" என்றார். ஹெட்டர் என்பது அதே வேலையைச் செய்கிற, ஆனால் வார்ப்பாக இல்லாமல் தனித்தனிக் குழாய்களாக வளைத்துச் செய்தது. கம்பெனி போட்டது இல்லை, வெளியில் செய்து விற்பது. பந்தயக்காரர்கள் ஆசைப்பட்டு மாட்டுவார்கள். நான் வேளாங்கண்ணி போவதற்காக மாட்ட வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து தேடத் தொடங்கினேன்.

அதுவரை நான் வீட்டை விட்டு நகர்ந்ததில்லை. ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? அவளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கட்டிலில் கால் அசைந்தால் ஓடுவேன். வாக்கரில் கை வைத்தால் இடுப்பைப் பிடிப்பேன். "விடுங்க, நானே வர்றேன்" என்பாள். "விழுந்து தொலைச்சா?" என்று கத்துவேன். அவ்வளவு பயம் எனக்கு. அடுப்படியில் டம்ளர் உருண்ட சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை. ராத்திரி அவள் புரண்டு படுத்தால் எனக்கு முழிப்பு வந்துவிடும்.

பக்கத்து வீட்டு அம்மாவை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் கும்பகோணம் போனேன். தாராசுரத்தில் ஒருத்தர் இதே வண்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வைத்திருந்தார். தார்ப்பாய் போட்டு மூடி, அதன் மேல் துணி காயப் போட்டு வைத்திருந்தார். ஓடாத வண்டி. உள்ளே கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், மத்தியானச் சாப்பாடும் போட்டார். வண்டி அவர் மாமனார் கொடுத்ததாம், மாமனார் எப்படிப்பட்டவர் என்று சாயங்காலம் வரை சொன்னார். மேனிஃபோல்டைக் கேட்டதும், "ஐயோ, அதை மட்டும் கேக்காதீங்க, நாளைக்கு நான் ஓட்டணும்னா?" என்றார்.

"கோழி எறங்கினதுக்கு அப்புறமா?" என்று கேட்டுவிட்டேன். நாக்கில் சனி. மனிதர் கோபப்படாமல் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தானே போய்ப் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். பார்த்தால், அவருடைய மேனிஃபோல்டும் விரிசல். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குத்தான் என்னைவிட வருத்தம்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். கொடியில் காய்ந்த துணிகள் மடித்துக் கட்டிலில் இருந்தன. பக்கத்து வீட்டு அம்மா நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். மனைவி முகத்தில் வேர்வை.

"கிடைக்கலையா? பரவால்ல. அடுத்து எங்க போறீங்க?" என்று கேட்டாள்.

"திருச்சி பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பாக்கலாம்னு."

"போயிட்டு வாங்க. அவசரப்படாம நல்லாத் தேடுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்தது. வண்டி என்றாலே முகம் சுளித்தவள், தேடு தேடு என்கிறாளே! திருச்சியில் பழைய இரும்புக் கடைகளில் அலையாய் அலைந்தேன். சென்னையில் மகள் வீட்டில் தங்கி, புதுப்பேட்டையில் சந்து சந்தாகப் போனேன். ஒரு கடைக்காரர் என் போனில் இருந்த படத்தைப் பார்த்து, "சார், இது மியூசியத்துல கேக்க வேண்டியது" என்றார். இன்னொருவர் வேறு ஏதோ வண்டியின் மேனிஃபோல்டை எடுத்து, "இது உக்காந்துக்கும், தட்டினா உக்காந்துக்கும்" என்று சத்தியம் செய்தார். தட்டினால் உட்காருவதற்கு அது என்ன நாய்க்குட்டியா? வெயிலில் வந்த ஆத்திரத்தில் அவரிடம் சண்டையும் போட்டேன்.

ஒவ்வொரு தடவை வீட்டுக்குத் திரும்பும்போதும் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும். கொல்லைப்புறக் கதவடியில் அவள் செருப்பு கிடக்கும். முருங்கைக் கீரை உருவி முறத்தில் இருக்கும். கூடத்துச் சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, வரிசையாகக் கை அழுக்குப் படிந்திருந்தது. சுண்ணாம்பு அடித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மூளை முழுக்கக் குழாய்தான் ஓடியது.

பழைய கார் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் எழுதிப் போட்டேன். கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடந்தது. ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பேசினார். இந்த இன்ஜினுக்கென்றே வெளிநாட்டில் செய்த ஹெட்டர் ஒன்று, இளவட்டத்தில் பந்தயம் ஓட்டுகிற ஆசையில் வரவழைத்தது, மாட்டாமலே பரணில் கிடக்கிறது என்றார். எதற்காகத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அரிசி மூட்டை விஷயத்தையும் சொன்னேன். 

"எங்கம்மாவைக் கடைசில அப்படித்தான் தூக்கினோம்ங்க. அவங்க ஒண்ணும் சொல்லலை. ஆனா கண்ணை மூடிக்குவாங்க" என்றார். பிறகு, "நாளைக்கு பஸ்ல போட்டு விடறேன்ங்க" என்றார்.

பஸ் பார்சலில் வந்தது. கோணிச் சாக்கைப் பிரித்தால், நாலு காலை நீட்டிக்கொண்டு ஒரு பெரிய நண்டு மாதிரி இருந்தது. மனைவி கட்டிலில் இருந்தபடி அதை மடியில் வாங்கிப் பார்த்தாள். "இதுக்கா இவ்வளவு அலைச்சல்?" என்றாள். அவள் குரலில் லேசாக ஒரு ஏமாற்றம் இருந்தது. தேடல் முடிந்துவிட்டதே என்ற ஏமாற்றம் அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

முடியவுமில்லை. மெக்கானிக் மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அந்த ஹெட்டர், ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிற வெளிநாட்டு வண்டிக்குச் செய்தது. நம் வண்டியில் குழாய் போக வேண்டிய இடத்தில் ஸ்டீயரிங் கம்பி குறுக்கே நின்றது. நான் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த நல்ல மனசு முழுக்க ஒரு கம்பியில் இடித்துக்கொண்டு நிற்கிறது. என் தலையெழுத்தை நொந்துகொண்டேன்.

"நாகப்பட்டினத்துல போட்டுக்குப் புகைக்குழாய் வளைக்கிறவங்க இருக்காங்கண்ணே. கொண்டுபோய்க் கேட்டுப் பாப்போமா?" என்றார் மெக்கானிக்.

வண்டியையும் ஹெட்டரையும் ஒரு சின்ன லாரியில் ஏற்றி நாகப்பட்டினம் போனோம். மீன்பிடிப் படகுகளுக்கு வேலை செய்கிற பட்டறை அது. பட்டறைக்காரர் படகு இன்ஜினுக்குத்தான் பழக்கப்பட்டவர். "இத்துனூண்டு குழாயா?" என்று கேலி செய்தார். முதல் தடவை வளைத்தது பானெட்டில் இடித்தது. இரண்டாம் தடவை வளைத்தபோது ஸ்டீயரிங் கம்பியை விட்டு விலகிப் போனது, ஆனால் எல்லாக் குழாயும் ஒன்றாகச் சேருகிற இடம் வண்டிக்கு அடியில் தாழ்ந்து தொங்கியது.

"கொஞ்சம் கீழ எறங்கிருச்சு. பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"புகை உள்ள வருமா?"

"ஒரு துளி வராது."

"அப்ப பரவாயில்லை" என்றேன். எனக்கு அது போதும்.

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் வந்தேன். கண்ணாடியை ஏற்றி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துக்கொண்டே வந்தேன். புகை இல்லை. மனைவியை உட்கார வைத்து ஒரு சுற்றுப் போனேன். தலை சுற்றவில்லை, வாந்தி இல்லை. சவேரியார் கோயில் வாசலில் நிறுத்தி, "இப்ப எப்படி இருக்கு?" என்றேன். "ஓட்டுறது நீங்கதானே, அதுதான் பயமா இருக்கு" என்றாள். சந்தோஷத்தில் கை தட்டிவிட்டேன்.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். விடிந்ததும் வெயிலுக்கு முன்னால் புறப்பட்டு, திருவாரூரில் இட்லி சாப்பிட்டோம். அவள் இறங்கவில்லை, வண்டிக்கே வாங்கிவந்து கொடுத்தேன். கீழ்வேளூர் தாண்டினோம். சம்பா அறுத்த வயல்களில் உளுந்தும் எடுத்தாகிவிட்டது. பங்குனி வெயிலில் ரோடு முழுக்க உளுந்தஞ்செடி பரப்பிக் கிடந்தது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் காயப் போடுவார்கள், போகிற வருகிற வண்டிகள் ஏறிக் காய் உடையும், பெண்கள் ஓரத்தில் நின்று தடியால் புரட்டி விடுவார்கள். வெளியூர்க்காரன் ஒதுங்கிப் போவான், ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவான். நான் இந்த மண்ணில் பிறந்தவன். ஒதுங்கிப் போனால் மரியாதை இல்லை என்று நினைக்கிற ஆள். நம் வண்டி ஏறினால் அவர்களுக்குத் தடியால் அடிக்கிற நாலு அடி மிச்சம். எப்போதும் வேகத்தைக் குறைத்து, செடி தடிப்பாகக் கிடக்கிற இடமாகப் பார்த்து ஏற்றித்தான் போவேன். அன்றைக்கும் அப்படியே ஏற்றினேன். பெண்கள் கையாட்டினார்கள். என் மனைவியும் ராணி மாதிரி கையாட்டினாள்.

பட்டறைக்காரர் சொன்னதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

அடுத்த பரப்பும் தாண்டினேன், அதற்கடுத்ததும் தாண்டினேன். முதலில் ஏதோ வறுபடுகிற வாசனை வந்தது. வெயிலுக்கு உளுந்து மணக்கிறது என்று நினைத்தேன். பிறகு பானெட் ஓரத்திலிருந்து புகை. வெள்ளைப் புகை இல்லை, மஞ்சளாக, திரண்டு வந்தது. ரோட்டோரத்துப் பெண் ஒருத்தி, "ஐயா, நெருப்பு! அடியில நெருப்பு!" என்று அலறினாள். தாழ்ந்து தொங்கின அந்தக் குழாயில் காய்ந்த செடி வாரிச் சுற்றிக்கொண்டு, சூட்டில் பற்றியிருந்தது.

பிரேக்கை மிதித்து, பதற்றத்தில் பிடி கிடைக்காத கதவோடு மல்லுக்கட்டித் திறந்து குதித்தேன். முன்பக்கம் புகை மண்டியதால் பின்பக்கமாகச் சுற்றி அவள் கதவுக்கு ஓடினேன். "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துகிற மாதிரிக் கேட்டது. தூக்கக் கூடாது என்றாளே, தூக்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

கதவு திறந்து கிடந்தது. சீட்டில் யாரும் இல்லை. செருப்பு மட்டும் கிடந்தது.

விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். அங்கே செடி எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் பெண்கள் தடியோடு ஓடி வந்து, எரிகிற செடியை இழுத்துப் போட்டு, மண்ணை வாரி வாரி அடித்தார்கள். ஒருத்தி குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து ஊற்றினாள். நெருப்பு அமுங்கியது. நான் நிமிர்ந்தேன். ரோட்டோரத்தில் தள்ளி நின்ற புளிய மரத்து நிழலில், மரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரும்மா அவங்களைத் தூக்கினது? தூக்கினா அவங்களுக்குப் பிடிக்காது, என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்று அந்தப் பெண்களிடம் கத்தினேன்.

குடத்தோடு நின்றவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாங்க எங்கய்யா தூக்கினோம்? அவங்களாத்தான் நடந்து வந்தாங்க."

நான் மரத்தடிக்குப் போனேன். அவள் வெறுங்காலில் நின்றிருந்தாள். சேலைக் கரை முழுக்க உளுந்துத் தூசி. வாக்கர் வண்டியின் பின் சீட்டிலேயே கிடந்தது.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"நீங்க தாராசுரம் போன அன்னைலேர்ந்து."

"யாரு பிடிச்சுக்கிட்டா?"

"யாரும் பிடிக்கலை. அதுதானே விஷயமே. பக்கத்து வீட்டு அம்மா நாற்காலியைப் போட்டுக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்கும். நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடப்பேன்."

"விழுந்திருந்தா?"

"விழுந்தேன். எந்திரிச்சேன். திரும்ப விழுந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க தேடப் போறதை நிறுத்திட்டு வீட்லயே உக்காந்துக்குவீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இருந்தப்ப என்னை எங்க விழ விட்டீங்க?"

முதலில் கோபம்தான் வந்தது. ஊர் ஊராக நாய் அலைச்சல் அலைந்தவன் நான். பிறகு அந்தச் சுவரில் படிந்த கை அழுக்கு ஞாபகத்துக்கு வந்தது. கீரையும், மடித்த துணியும், வேர்த்த முகமும் ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில், யார் என்ன சொன்னாலும் சரி, தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. புளிய மரத்தடியில், முன்பின் தெரியாத பெண்கள் எல்லாம் பார்க்க, வாய் விட்டு அழுதேன்.

"மாதா கோயில்ல நடந்து காட்டலாம்னு வச்சிருந்தேன். அதையும் கெடுத்தாச்சு" என்றாள் அவள்.

வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. ஒயர்கள் கருகிவிட்டன, சாவியைத் திருப்பினால் உயிர் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். மெக்கானிக்குக்கு போன் போட்டேன். வந்து எடுத்துக்கொள்கிறேன், ஆனால் சாயங்காலம் ஆகும் என்றார். நான் வண்டியைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக நின்றேன். அவள் செருப்பையும் மெழுகுவர்த்திப் பையையும் எடுத்து வரச் சொன்னாள். வாக்கரையும் எடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வண்டிக்குக் காவல் இருந்தா மாதாவை யாரு பாக்குறது?"

"நாங்க பாத்துக்குறோம்யா, நீங்க போயிட்டு வாங்க" என்றாள் குடத்துக்காரி. "மாதாகிட்ட எங்களுக்கும் சேத்துக் கேளுங்க. இந்த உளுந்தை மழைக்கு முன்னாடி வீட்ல சேக்கணும்."

வேளாங்கண்ணி போகிற டவுன் பஸ் உளுந்தஞ்செடி மேல் ஏறிக்கொண்டு மெதுவாக வந்தது. கை காட்டினோம், நின்றது. படி எங்கள் வண்டியின் சீட்டைவிட எவ்வளவோ உயரம். கண்டக்டர் கையை நீட்டினார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கம்பியைப் பிடித்தாள். வலது காலை வைத்தாள். இடது கால் வரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் அவளுக்குப் பின்னால் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, தொடாமல் நின்றேன். இதைவிடக் கஷ்டமான ஒன்றை நான் என் ஆயுசில் செய்ததில்லை. மறுபடி இழுத்தாள். இடது கால் படியில் உரசி, மேலே வந்து உட்கார்ந்தது. இன்னொரு படி. உள்ளே போய்விட்டாள்.

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கீழேயே நிற்கிற என்னைப் பார்த்தாள்.

"ஏறுங்க, பஸ்ஸு உங்களுக்காகத்தான் நிக்குது."

ஏறினேன். கண்டக்டர் வந்தார். பெண்களுக்கு அந்த பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. அவள் பையிலிருந்து பணத்தை எடுத்து, "அவருக்கு மட்டும் வேளாங்கண்ணிக்கு ஒண்ணு குடுங்க" என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் என் கை தானாக அவள் தோள் பக்கம் போகப் பார்த்தது. கோயில் கோபுரம் தெரிகிற வரைக்கும் இரண்டு கையையும் என் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.